பதினாறு வயதுக்கு விற்ற பீப்பா

1

சென்ற வியாழக்கிழமை இங்கே ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாள். மன்னாரில் எங்களுக்கு அது பூசையோடு முடிந்துபோகிற நாள். சுவிஸில் அதற்கு நாடு முழுக்க விடுமுறை. வெயில் எறித்தால் இளவட்டங்கள் கைவண்டியில் பியரை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் கிளம்பிவிடுவார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு மட்டும் விடுமுறை கிடையாது. காலை வேலையை முடித்துக்கொண்டு ஓல்டன் ரயில் நிலையத்துக்கு முன்னால் பஸ் ஏறினேன்.

அடுத்த தரிப்பில் நாலைந்து பெடியன்கள் ஒரு பியர்ப் பீப்பாவை இருபுறமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வெள்ளி நிறத்தில், ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தில் இருந்தது. வைக்க இடம் தேடி என் இருக்கைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ஒருவன் குனிந்து, "எக்ஸ்கியூசி, கொஞ்சம் காலை நகர்த்த முடியுமா?" என்று மிக மரியாதையாகக் கேட்டான். நகர்த்தினேன். அவன் நன்றி சொல்லி, நல்ல திருநாளாக அமையட்டும் என்று வாழ்த்தினான். மீசை அரும்பாத முகம்.

பஸ் வளைவில் திரும்பியபோது பீப்பா சரிந்து என் முழங்காலில் சாய்ந்தது. குளிர்ச்சி துணியைத் தாண்டி உறைத்தது. நான் எழுந்து மணியை அழுத்தினேன். வீடு இன்னும் தூரம்; இறங்கி நடந்தேன். ஒரு கட்டத்தில் நடக்கவும் முடியாமல் யாரோ ஒருவருடைய தோட்டச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டு அம்மா வெளியே வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு அந்த நேரம் ஜெர்மன் வரவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு, ஒரு பியர்ப் பீப்பாவைக் கண்டு ஒரு பொம்பிளை ஏன் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும் என்று தோன்றும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

என் கணவர் முதலில் டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். நான் வந்த பிறகு ஓல்டனுக்கு மாறினோம். இப்போது அவர் ஒரு பெரிய களஞ்சியத்தில் இரவு வேலை. ஓல்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் வாடகை வீடு. ஒரே பிள்ளை, டேனியல்.

சுகந்தியை மொழி வகுப்பில் சந்தித்தேன். அவள் யாழ்ப்பாணத்தவள்; சைவம். நான் கத்தோலிக்கம். அதெல்லாம் அந்த வகுப்பின் முதல் இடைவேளையிலேயே எங்களுக்கு மறந்துபோனது. இருவரும் ஒரே கட்டிடத்தில் துப்புரவு வேலை செய்தோம். நான் வேலைக்குப் போனால் டேனியல் அவள் வீட்டில். அவள் போனால் அவளுடைய அபிரா என் வீட்டில். இந்த நாட்டில் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்த இடத்தில் அவள் இருந்தாள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வீட்டுக்குள் இரண்டு மொழியாயிற்று. இங்கே சுவிஸ் பிள்ளைகள் தாயை "மாமி" என்பார்கள். டேனியலும் ஒருநாள் என்னை அப்படிக் கூப்பிட்டான். சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மாவை மாமி எண்டுறான், நாளைக்கு என்னை என்னெண்டு கூப்பிடப் போறானோ?" என்றாள். அந்த வயதில் அது சிரிக்கிற விஷயமாக இருந்தது. பத்து, பன்னிரண்டு வயதில் அவன் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். பதினைந்தில் அதுவும் தலையாட்டலாகிவிட்டது. என் ஜெர்மன் முதியோர் இல்லத்து ஜெர்மன். வாயைத் திறவுங்கோ, இந்தப் பக்கம் திரும்புங்கோ, எங்கே நோகிறது என்று கேட்க வரும். ஒரு பெடியனின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வராது. அவனுடைய தமிழும் சாப்பாட்டு மேசையைத் தாண்டாது. எங்கள் வீட்டில் சண்டையே நடக்கவில்லை. சண்டை பிடிக்கவும் பொதுவாக ஒரு மொழி வேண்டும்.

3

போன வருடம் வசந்தத்தில் அவனுக்குப் பதினாறு முடிந்தது. இந்த நாட்டில் பதினாறு வயதில் பியரும் வைனும் வாங்கலாம். மற்ற மதுவகைக்குத்தான் பதினெட்டு. இதை நான் எங்கேயும் படிக்கவில்லை. ஒரு தாய்க்கு இதை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

விண்ணேற்றத் திருநாளுக்கு முதல் நாள் டேனியல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பானக் கடைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, இருபது லிட்டர் பீப்பா ஒன்று வாங்கினான். பீப்பாவோடு குழாயும் குளிர வைக்கத் தொட்டியும் கடையிலேயே இரவல் கொடுத்தார்கள். கைவண்டியில் தூக்கி வைக்கவும் உதவினார்கள். பெயரோ, விலாசமோ, எங்கே கொண்டுபோகிறாய் என்றோ கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று சட்டம் இல்லை.

மறுநாள் ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டும் இடத்தில் அவனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கூடினார்கள். பாதிப் பேருக்குப் பதினாறு ஆகவில்லை. அபிராவுக்குப் பதினாலு. தாயிடம் டேனியலோடு போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவனோடு என்றால் சுகந்தி எதற்கு மறுக்கப் போகிறாள்?

பின்னேரம் அவள் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். பிறகு மரநிழலில் படுத்தாள். நித்திரை என்று மற்றவர்கள் நினைத்து அவள் மேல் ஒரு ஜாக்கெட்டைப் போர்த்திவிட்டு அங்காலே பாட்டுப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நாயோடு நடந்து வந்த ஒருவர்தான் அவள் முகத்தின் நிறத்தைக் கண்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டார். எடுத்த சத்தி மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தது.

எனக்குத் தகவல் சொன்னது சுகந்தி. அப்போது அவளுக்குப் பீப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. "ஜெயா, பிள்ளை மூச்சு விடுறாளில்லையாம். நீ வா. கெதியா வா," என்றாள். ஓடினேன். மருத்துவமனைக் கதிரையில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னேன். அவளும் கூடச் சொன்னாள். அப்போது இரண்டு பொலிஸ்காரர் வந்து, பீப்பாவை வாங்கியவனுடைய தாய் யார் என்று கேட்டார்கள்.

சுகந்தி என் கையிலிருந்து தன் கையை எடுத்தாள். உதறவில்லை. விரல் விரலாக எடுத்தாள்.

4

அபிரா மூன்றாவது வாரம் கண் விழித்தாள். உயிர் தப்பியது. ஆனால் மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரம் அதன் வேலையைச் செய்திருந்தது. வலது கை சொல்வழி கேட்கவில்லை. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு வர நேரமெடுத்தது. இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மருத்துவமனைக்குப் போய் வாசலோடு திரும்பினேன். சுகந்தியின் கணவர் நடைபாதையில் நின்று, "அக்கா, தயவுசெய்து வராதேங்கோ," என்றார். என்னைவிட மூத்தவர். அதுவரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

பதினாறுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மது கொடுப்பது இந்த நாட்டில் குற்றம். ஆகவே டேனியலை இளையோர் வழக்குகளைப் பார்க்கும் அதிகாரி விசாரணைக்கு அழைத்தார். நானும் கணவரும் போனோம். எங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போட்டிருந்தார்கள். சென்னைப் பக்கத்துப் பெண். என் வயது இருக்கும்.

அதிகாரி கடுமையானவர் இல்லை. முன்னால் தண்ணீர் வைத்தார். ஏன் இவ்வளவு பெரிய பீப்பா என்று கேட்டார். டேனியல் மேசையைப் பார்த்தபடி சுவிஸ் ஜெர்மனில் பேசத் தொடங்கினான். நிறுத்தவே இல்லை. என் பிள்ளை அவ்வளவு பேசுவான் என்று எனக்குத் தெரியாது. ஒரு வசனம்கூட எனக்கு முழுதாக விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மெல்லிய குரலில் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லார் வீட்டுக்கும் நான் போயிருக்கேன், எங்க வீட்டுக்கு அவங்க யாரும் வந்ததில்லைன்னு சொல்றாரும்மா. வேலை முடிஞ்சு அம்மா தூங்குவாங்க, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அப்பா தூங்குவாரு. சத்தம் போடக் கூடாது. யாரையும் கூட்டிட்டு வர முடியாது. ஒரு தடவையாவது நான் கூப்பிட்டு எல்லாரும் வரணும்னு ஆசைப்பட்டேன்னு சொல்றாரு."

என் கணவர் தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு வரமாட்டேன்னுதான் சொன்னாங்களாம். இவருதான் வான்னு கூப்பிட்டிருக்காரு. தங்கச்சி மாதிரி, என் பக்கத்துல எங்க ஆளு ஒருத்தராவது இருக்கணும்னு நினைச்சேன்னு சொல்றாரு. முதல் கிளாஸ்..." அந்தப் பெண் நிறுத்தினார். தனக்கு வைத்த தண்ணீரைக் குடித்தார். "முதல் கிளாஸை அந்தப் பொண்ணுக்கு நான்தான் ஊத்திக் கொடுத்தேன்னு சொல்றாரும்மா."

நான் பெற்று வளர்த்த பிள்ளையின் மனதை, அவன் பிறந்து பதினாறு வருடத்துக்குப் பிறகு, முன்பின் அறியாத ஒரு பெண்ணின் வாயால், அவன் ஒருநாளும் பேசாத தமிழில் கேட்டேன். வெளியே வந்ததும் அந்தப் பெண் என் தோளைத் தொட்டு, "நான் இப்படிச் சொல்லக் கூடாது, ஆனா உங்க பையன் பொய் சொல்லலம்மா," என்றார்.

காரில் வீட்டுக்கு வந்தோம். இவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார். "இஞ்சாருங்கோ, இறங்குங்கோ," என்றேன்.

"வீட்டுக்குள்ள போய் என்னத்தைச் செய்யிறது? படுக்கிறதோ?" என்றார்.

டேனியலுக்குச் சனிக்கிழமைகளில் சம்பளமில்லாத வேலை தண்டனையாயிற்று. எங்கள் குடியுரிமை விண்ணப்பத்தை ஊர் நிர்வாகம், இங்கே கெமைண்டே என்பது, ஓரமாக எடுத்து வைத்தது. இதற்கெல்லாம் நான் அழவில்லை. அவன் செய்ததற்கு அவன் பொறுப்பு. ஆனால் ஒரு கேள்வி என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

5

அந்தக் கேள்வியோடு பானக் கடைக்குப் போனேன். பொறுப்பாளர் உயரமான, சிவந்த முகமுள்ள மனிதர். பதற்றத்தில் "ஃபாஸ்" என்பதற்குப் பதிலாக "ஃபூஸ்" என்றுவிட்டேன். முதலாவது பீப்பா, இரண்டாவது கால். என் பிள்ளைக்கு நீங்கள் ஒரு கால் விற்றீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் மேசையைச் சுற்றி வந்து என் காலைப் பார்த்து, அடிபட்டதா என்று கேட்டார். நான் அழுத பிறகுதான் யார் என்று விளங்கியது.

"பதினாறு முடிந்திருந்தது. நான் அட்டையைப் பார்த்தேன்," என்றார்.

"இருபது லிட்டர். ஒரு பையன். யார் குடிக்கிறது?" என்று கேட்டேன். எனக்கு வந்த ஜெர்மன் அவ்வளவுதான். அதற்குமேல் தேவையும் இருக்கவில்லை.

அவர் மேசைக்குப் பின்னால் திரும்பிப் போனார். பிறகு, "அந்தக் கேள்வியைச் சட்டம் என்னைக் கேட்கச் சொல்லவில்லை," என்றார்.

ஒரு போத்தல் வாங்கினாலும் பதினாறு, ஒரு கூட்டத்துக்குப் போதுமானதை வாங்கினாலும் பதினாறு. விற்பது குற்றமில்லை. வாங்குவது குற்றமில்லை. பதினாறுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தால், ஊற்றிய பிள்ளை குற்றவாளி. இருபது லிட்டரையும் அவன் தனியே குடிப்பான் என்று நினைத்தா விற்றார்கள்?

எங்கள் இல்லத்தில் இருக்கும் பழைய ஆசிரியை ஒருவர், வாக்குரிமை இல்லாதவர்களும் இந்த நாட்டில் மனுக் கொடுக்கலாம் என்றார். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். பெரிய பீப்பாக்களைப் பதினெட்டு வயதானவருக்கு மட்டும் விற்க வேண்டும். வாங்குபவரின் பெயரையும் விலாசத்தையும் எடுக்க வேண்டும். சிறுவர்கள் கூடும் இடத்துக்கு என்றால், பொறுப்பான பெரியவர் ஒருவர் வந்து வாங்க வேண்டும். கேட்டது இவ்வளவும்தான்.

கையெழுத்து வாங்க அங்காடி வாசலில் நின்றேன். தமிழ்ப் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது நின்றேன். சுவிஸ்காரர் சிலர் நின்று வாசித்துக் கையெழுத்து வைத்தார்கள். சிலர், எங்கள் விழாக்களிலும் கைவைக்கிறீர்களா என்று கேட்டார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர், நல்லாய்த் தெரிந்தவர்தான், "உங்கட பெடியன் செய்ததுக்கு ஊருக்கெல்லாம் சட்டமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். சுகந்தியோடு வேலை செய்யும் ஒரு பிள்ளை மனுவை அவளிடம் கொண்டுபோயிருக்கிறாள். சுகந்தி கடைசி வரி வரைக்கும் வாசித்தாளாம். "இதில கையெழுத்து வைச்சால் என்ர பிள்ளையின்ர கை திரும்பி வருமோ?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம்.

கெமைண்டேயில் என்னை மரியாதையாக இருத்திக் கதைத்தார்கள். வயதெல்லையை ஊர் தனியாக மாற்ற முடியாது, மேலே அனுப்புகிறோம் என்றார்கள். மேலேயிருந்து, உங்கள் மனுவை அறிந்துகொண்டோம், நன்றி என்று பதில் வந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு ஆசிரியையிடம் ஓடினேன். அறிந்துகொண்டார்கள் என்றால் இனி ஏதாவது செய்வார்கள் என்றுதான் விளங்கிக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இல்லை பிள்ளை. அறிந்துகொள்வதுதான் அவர்களின் கடமை. அது முடிந்துவிட்டது," என்றார்.

பானக் கடைப் பொறுப்பாளர் மட்டும் தன் பாட்டில் ஒன்று செய்தார். பெரிய பீப்பா பதினெட்டுக்கு மேல்தான், பெயர் விலாசம் தரவேண்டும் என்று அச்சடித்துக் கடையில் ஒட்டினார். குளிர்காலம் முழுக்க அது இருந்தது. வேலையால் வரும்போது கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். இந்த வசந்தத்தில் விழாக்கள் தொடங்குவதற்கு முன் அது இல்லை. உள்ளே போய்க் கேட்டேன். "பையன்கள் அடுத்த ஊரில் வாங்குகிறார்கள். முதலாளி எடுக்கச் சொல்லிவிட்டார்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. கோபிக்க யாருமே இல்லாமல் போனதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

6

பஸ்ஸால் இறங்கி நடந்துவந்த அந்த வியாழக்கிழமை, நடந்ததை டேனியலிடம் சொன்னேன். பாதித் தமிழ், பாதி ஜெர்மன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த ஒரு வருடத்தில் அவன் மெலிந்து, தாடி வளர்ந்து, வயதான ஒருவனைப் போல ஆகிவிட்டான். நண்பர்கள் என்று ஒருவரும் இல்லை. ஒரு மின்சாரக் கடையில் தொழிற்பயிற்சிக்குப் போகிறான், வருகிறான், கதவைச் சாத்துகிறான்.

"சுகந்தி அன்ரி வீட்ட போவம்," என்றான்.

"அவை கதவு திறக்காயினம், அப்பன்."

"நான் சொல்ல வேணும். தமிழில சொல்ல வேணும். எப்பிடிச் சொல்றது?"

குசினி மேசையில் இருந்து சொல்லிக் கொடுத்தேன். அவன் போனில் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து, திரும்பத் திரும்பச் சொன்னான். மன்னியுங்கோ என்ற சொல்லில் அவன் நாக்குத் தடக்கியது. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருநாளும் அவன் கேட்டிருக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் போனோம். ஓல்டனில் மாடிக்குடியிருப்பு. மணி அடித்ததும் உள்ளே கதிரை நகர்ந்தது. "ஆ... ரம்மா?" என்று மெதுவாக ஒரு குரல் இழுத்தது. அபிராவின் குரல். ஒரு வருடமாக நான் கேட்காத குரல். அது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லக் கேட்டிருந்தேன். கேட்டபோது மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சுகந்தி கதவைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது. டேனியல் போனைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, "அன்ரி, நான் செய்தது பிழை. அபிராவுக்கு நான்தான் ஊத்திக் குடுத்தனான். என்னை மன்னியுங்கோ," என்றான். குரல் பிசகியது, சொல் பிசகவில்லை.

அவள் முழுதையும் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ வா, ஜெயா," என்றாள். "உள்ள வா. பிள்ளை உன்னைக் கேட்டவள்."

நான் அந்தச் சொல்லுக்காக ஒரு வருடம் ஏங்கியிருக்கிறேன். வேலைத்தலத்தில், பூசையில், பஸ்ஸில், எத்தனையோ விதமாக அவள் அதைச் சொல்வதாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். காலை எடுத்து வைத்தேன்.

"அவன் வேண்டாம்," என்றாள். "எனக்கு அவனில கோவமில்லை. கோவிக்கவும் ஏலாமல் கிடக்கு. ஆனால் இவர் உள்ள இருக்கிறார். பிள்ளையும் இருக்கிறாள். அவன் வேண்டாம்."

டேனியல் ஒரு படி பின்னால் போனான். "அம்மா, நீங்கள் போங்கோ. நான் கீழ நிக்கிறன்," என்றான்.

உள்ளே கூடத்தின் ஓரம் தெரிந்தது. ஒரு மெல்லிய கை சுவரைப் பிடித்தபடி மெதுவாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நான் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை. அவள் வாசலுக்கு வந்துசேரும்வரை நின்றிருந்தால் நான் உள்ளே போயிருப்பேன்.

"சுகந்தி, நானும் அவனோட போறன்," என்றேன்.

 அவளும் ஒரு பிள்ளையின் தாய். அவளுக்கு விளக்கம் தேவையில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே கதவை மெல்லச் சாத்தினாள்.

தெருவுக்கு வந்தோம். பஸ் தரிப்பில் ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் டேனியல் வாய்விட்டு அழத் தொடங்கினான். பொலிஸ் வந்தபோது அழாதவன், விசாரணையில் அழாதவன். "ஏன் போகேல்லை? ஏனம்மா போகேல்லை?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். அவனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் தலை என் தலைக்கு மேலே நின்றது. நான் எட்டித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பஸ் வந்து கதவைத் திறந்தது. சாரதி எங்களைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் காத்திருந்தார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் கதவை மூடிக்கொண்டு போனார். அடுத்த பஸ்ஸும் வந்து போனது.